நான் தூணாக நின்ற மத்தியானம்

போன தைப்பொங்கல் முடிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஓரம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன மீனவர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அங்கே போய் விசாரிப்பீர்கள், அவர்களும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதைப் பார்த்தாலும் துடைக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் சீட்டைத் துடைப்பேன், ஓட்டலில் டம்ளரைத் துடைப்பேன், அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அவர்கள் காபி போட உள்ளே போன நேரத்தில் டி.வி. மேலே இருக்கும் தூசியைத் துடைப்பேன். அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகப் பழைய பைல்களைக் கழித்துக் கட்டுகிற வேலை. கேட்க வேண்டுமா!

இந்தக் கைக்கு ஏற்ற இடமாகக் கிடைத்ததுதான் உழவாரக் குழு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குப் போய், செடி கொடி பிடுங்கி, பிராகாரம் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்துவிட்டு வருவோம். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரே எதிரி சுண்ணாம்பு. கல் தூணென்றும் பார்க்காமல், கல்வெட்டென்றும் பார்க்காமல் அந்தக் காலத்தில் பட்டை பட்டையாக அடித்து வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்து உள்ளே இருக்கும் கல்லைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குழுவுக்கு என்று ஒரே மாதிரிச் சேலை உண்டு. நல்ல குங்குமச் சிவப்பு. நான் தேர்ந்தெடுத்த நிறம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை அந்தக் கடலோரத்துச் சிவன் கோயிலில் வேலை முடிந்தது. குழு வேனில் கிளம்பிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் காரில் போயிருந்ததால் தங்கிவிட்டோம். ஊருக்குக் கிழக்கே கடலுக்குள் நீண்டு போகிற ஒரு மண்முனை இருக்கிறது, அங்கே பூநாரை வரும், பழைய காலத்துப் பானை ஓடு கிடக்கும், ஒரு காலத்தில் கப்பல் வந்த துறையாம் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு வெயிலில் நடப்பதில் எந்தச் சந்தோஷமும் கிடையாது. கோயிலுக்கென்று கட்டிய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் உழவாரப் பையையும் தூக்கிக்கொண்டு, "நண்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போற ஆளு, நண்டு பாக்க நடந்து போறேன்" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

உண்மையில் நல்ல இடம். ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் அலையாத்திப் புதரும் சேறும். நடுவில் காலுக்குக் கீழே மணல். ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக் காட்டும் குட்டி நண்டுகள் ஆயிரம் இருக்கும். நாங்கள் ஒரு அடி வைத்தால் அத்தனையும் வளைக்குள் போய்விடும். தூரத்தில் தண்ணீரில் ஒரு வெளிர் சிவப்புக் கோடு தெரிந்தது. "பூநாரைங்க, பூநாரை!" என்று நான் கத்தினேன். அந்தக் கோடு அப்படியே எழும்பி இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்தது. இப்படி மூன்று தடவை நடந்தது. "நீ கொஞ்சம் வாயை மூடுனா அதுவும் கொஞ்சம் ஒக்காரும்" என்றார் அவர். நான் அவருடன் பத்து நிமிஷம் பேசவில்லை. நண்டுகளுக்கு அது நல்ல ஓய்வு.

பானை ஓடுகளும் கிடைத்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கையில் எடுத்தபோது உடம்பு சிலிர்த்தது. எந்தப் பெண் எந்தக் காலத்தில் இதில் சோறு வடித்தாளோ என்று நினைத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு என் நடத்தையில் குறை சொல்ல முடியாது.

இரண்டு மணி வாக்கில் முனையின் கிழக்குக் கோடி வரை போனோம். அங்கே புதருக்குள் இருந்து ஒரு வாய்க்கால் வந்து கடலில் சேர்கிறது. அதன் கரையில் நின்றது அந்தத் தூண். என் தோள் உயரம், நாலு பட்டை, மேலே தட்டையான தலை. பழைய மண்டபத்துத் தூணாக இருக்க வேண்டும். கடலுக்குள்ளும் கொஞ்சம் தூரத்தில் கறுப்புக் கறுப்பாகக் கல் முனைகள் தண்ணீரில் தெரிந்தும் மறைந்தும் கிடந்தன. மண்டபமோ துறையோ, இடிந்து கடலுக்குள் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்று புரிந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு தூணைச் சரியாகப் பார்த்தேன். கண் கலங்கியது போய்க் கோபம் வந்தது. தலையிலிருந்து அடிவரை சுண்ணாம்பு! அதுவும் புதுச் சுண்ணாம்பு, பளீரென்று. உச்சியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றிக் கிழிந்த சிவப்புச் சேலைத் துணியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"பாத்தீங்களா அநியாயத்தை? எவ்வளவு பழைய தூணு! இதுல போயிக் கூடையைக் கவுத்து வச்சிருக்காங்க!"

"யாராச்சும் எதுக்காச்சும் வச்சிருப்பாங்க. விடு."

'விடு' என்கிற சொல் என் காதில் ஏறவே ஏறாது. கூடையைப் பிடித்து இழுத்தேன். வெயிலில் காய்ந்து கிடந்ததால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. துணியும் இற்றுப்போய் நூல் நூலாகக் கையோடு வந்தது. எல்லாவற்றையும் பையில் வைத்திருந்த குப்பைச் சாக்கில் போட்டேன். பையிலிருந்து தேங்காய் நாரையும் பிரஷையும் எடுத்தேன். உப்புக் காற்றில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்கவில்லை போலும், சுலபமாக வந்தது. என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் குடுவையில் வாய்க்கால் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஊற்றினாரா இல்லையா என்று இப்போது கேட்டால் ஞாபகமில்லை என்கிறார். ஊற்றினார்.

முக்கால் மணி நேரத்தில் தூண் சுத்தம். சாம்பல் நிறக் கல், பின்னால் இருந்த புதரோடும் சேற்றோடும் அப்படி ஒன்றிப்போய் நின்றது. ஒரு பக்கத்தில் சாய்வாகச் சில கோடுகள்கூட இருந்தன. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எழுத்து! சுரண்டும் முன் எடுத்த படத்தோடு, சுண்ணாம்பு இல்லாமல் ஒரு படம், கோடுகள் தனியாக ஒரு படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். 'பழமை மீட்கப்பட்டது' என்று எழுதினேன். அந்த நிமிஷத்தில் என்னைவிடச் சந்தோஷமான பெண் இந்த மாவட்டத்தில் கிடையாது.

அப்போதுதான் புதருக்குள் இருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கால் வரைக்கும் சேறு, தோளில் நண்டுக்கூடை. எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தூணைப் பார்த்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆத்தாடி! யாருங்க இதைச் சொரண்டுனது?"

நான் பெருமையாக, "நாங்கதாம்மா" என்றேன். 'நாங்க' என்று சொன்னதை என் வீட்டுக்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"படகு வார நேரம்ங்க! இந்தத் தூணப் பாத்துத்தானே எங்க ஆளுக உள்ள வருவாங்க!"

அவள் மூச்சு வாங்கச் சொன்னதை நான் கோர்த்துச் சொல்கிறேன். தண்ணீருக்கு அடியில் முழுக்க அந்த இடிந்த கற்கள். நடுவில் ஒரு படகு போகிற அகலத்துக்குத்தான் ஆழம். கடலில் இருந்து வருகிறவர்கள் வெள்ளைத் தூணையும் அதன் தலைச் சிவப்பையும் தேடிப் பிடிப்பார்கள். தூணுக்கு நேர் பின்னால் ஊர்ப் பள்ளிவாசல் மினார் வருகிற மாதிரிப் படகைத் திருப்புவார்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் வழி சரி. பத்தடி விலகினால் கல்லில் ஏறிப் படகு பிளந்துவிடும். பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பில் மிச்சம் வைத்து இந்தத் தூணுக்கு அடித்தது அவள்தான். வருஷா வருஷம் அவள் வேலையாம் அது. இன்னும் நாலு படகு வர வேண்டியிருக்கிறது. அதில் ஒன்றில் அவள் புருஷனும் அண்ணனும் இருக்கிறார்கள்.

"ஜி.பி.எஸ். இருக்குமேம்மா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அது கடலுக்குங்க. இந்த வாய்க்காலுக்கு இந்தத் தூணுதான்."

போன் போட்டுப் பார்த்தாள். கடலில் போனைப் பாலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருப்பார்கள், இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அடித்து அடித்து நின்றது. அந்த நேரம் பார்த்து என் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது.

"யாருங்க அது விடாம அடிக்கிறது?"

"பாராட்டுறாங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

கடலில் முதல் படகு தெரிந்தது. சின்னப் புள்ளியாக இருந்தது பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் உடனே முடிவு எடுத்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்தாள், வெள்ளை வேட்டி. என்னைப் பார்த்தாள், குங்குமச் சிவப்பு.

"அண்ணே, வேட்டியை அவுருங்க. அக்கா, நீங்க சேலையை..."

"நான் ஏறிக்கிறேன்!" என்று கத்தினேன்.

இப்படித்தான் ஐம்பத்து மூன்று வயதில், எழுபத்தெட்டு கிலோ எடையில், நான் ஒரு பழங்காலத் தூணின் மேல் ஏறினேன். என் வீட்டுக்காரர் பட்டாபட்டி டிரவுசரோடு குனிந்து நிற்க, அவர் முதுகில் கால் வைத்தேன். அவர் போட்ட சத்தத்தில் மிச்சமிருந்த பறவைகளும் பறந்தன. அந்தப் பெண் பின்னாலிருந்து தள்ளினாள். மூன்று தடவை வழுக்கி நாலாவது தடவை ஏறிவிட்டேன். உச்சியில் இரண்டு பாதம் வைக்கத்தான் இடம். கீழே வேட்டியைத் தூணில் இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். நான் விழாமல் இருக்க, என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தில் மெட்டி போடும்போது பிடித்த கால். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

படகு கறுப்புக் கற்களைப் பார்க்க நேராக வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினாள். நான் நிமிர்ந்து நின்றேன். தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். சட்டென்று படகின் மூக்கு திரும்பியது. அப்படியே வளைந்து எனக்கு நேராக வந்து, கற்களுக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி நுழைந்து, வாய்க்காலுக்குள் வந்துவிட்டது. அதிலிருந்த நாலு பேரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் தூணுக்குப் பின்னால் இருந்த பட்டாபட்டியைப் பார்த்தார்கள். படகை வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது படகு வர அரை மணி ஆனது. "அசையாதீங்கக்கா, ஒக்காராதீங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். பேசவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் கால் ஆடியது. பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு நேரம் ஒன்றையும் துடைக்காமல், ஒருவரையும் திருத்தாமல், சும்மா நின்றது கிடையாது.

அப்போது ஒரு விஷயம் நடந்தது. முதலில் நண்டுகள் வெளியே வந்தன. சேறு முழுக்க ஆயிரம் கொடுக்குகள் ஆடின. பிறகு புதருக்குள் இருந்து ஒரு நரி வந்தது. மெலிந்த நரி, ஈரமான வால். என்னை ஏற இறங்கப் பார்த்தது, அவரையும் பார்த்தது, அவர் டிரவுசரை மோந்துவிடுமோ என்று நான் பயப்படுகிற அளவுக்குக் கிட்டே வந்து, ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு போனது. கடைசியில் வந்தன பூநாரைகள். வரும் வழியெல்லாம் நான் துரத்திய அதே கூட்டம், கூப்பிடு தூரத்தில் இறங்கியது. தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய ஆரம்பித்தன. சிறகை விரிக்கும்போது உள்ளே அந்தச் சிவப்பு! என் சேலையை நான் மறந்துவிட்டேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாததால் அது பாட்டுக்கு வழிந்தது. ஒரு கடற்பறவை என் தலையை உட்கார நல்ல இடம் என்று நினைத்து உட்கார்ந்தது, போகும்போது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டும் போனது. அதையும் துடைக்க முடியவில்லை. டிங் என்று போன் அடித்தது.

மூன்றாவது படகும் வந்துவிட்டது. நாலாவதைக் காணோம்.

அந்தப் பெண் கரையில் நின்று கடலையே பார்த்தாள். இறங்கியிருந்த ஆட்கள் வேறு துணி எடுத்துவரக் கிளம்பினார்கள். "வேணாம், அதுக்குள்ள வந்துட்டா? மாத்திக் கட்டுற நேரத்துல தடுமாறிருவாக" என்றாள். இறங்கிவிடுகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் கழுத்துத் தாலியை இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். நான் சுரண்டியது சுண்ணாம்பை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

"கால் நடுங்குது. எறங்குறியா?" என்று கீழே இருந்து மெதுவாகக் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நீங்க பிடியை விட்ராதீங்க" என்றேன்.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னார்கள். அது முடிகிற நேரத்துக்குப் படகு தெரிந்தது. இன்ஜின் விட்டு விட்டு இருமியது. வெயில் மேற்கே சாய்ந்து என் முதுகுப் பக்கம் வந்துவிட்டதால், அவர்களுக்குக் கண் கூசும், சிவப்பு தெரியாது என்றாள் அந்தப் பெண். "கையை விரிங்கக்கா! நல்லா விரிங்க!" விரித்தேன். படகு இடம் போனது, வலம் போனது, கறுப்புக் கல்லுக்கு ஒரு ஆள் தூரத்தில் தயங்கி நின்றது. நான் கை கடுக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாகத் திரும்பி, நேராகி, உள்ளே வந்துவிட்டது.

அந்தப் பெண் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் படகிலிருந்து குதித்து வந்து, என்னைப் பார்த்தான். தலையில் பறவை எச்சம், விரித்த கை, கண்ணீர்.

"என்ன புள்ள, அம்மன் செலை வச்சுட்டாகளோன்னு நெனச்சேன். கும்புட்டுட்டுத்தான் படகத் திருப்புனேன்" என்றான்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்று பேர் சேர்ந்து என்னை இறக்கினார்கள். நான் நடந்ததைச் சொல்லி, நான்தான் சுரண்டினேன், மன்னிச்சிருங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவள் தண்ணீர் மொண்டு என் தலையைக் கழுவிவிட்டாள், நல்ல அழுத்தமாக, எனக்கே பிடிக்கிற மாதிரி. அவள் அண்ணன் என் பழங்கால எழுத்துகளைப் பார்த்துவிட்டு, அது தாங்கள் கத்தி தீட்டுகிற தடம் என்றான். என் வீட்டுக்காரர் அதற்குச் சிரித்த சிரிப்பில், தூணிலிருந்து எடுத்து அப்போதுதான் கட்டிய வேட்டி மறுபடி அவிழ்ந்தது. கிளம்பும்போது ஒரு கூடை நண்டும் கொடுத்தார்கள். நண்டு வாங்கத்தானே வந்தேன் என்றார் அவர்.

அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். கைதட்டல் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு மொத்தமும் அந்த முனைக்குப் போனது. பத்து வருஷமாகச் சுண்ணாம்பைச் சுரண்டிய இருபது பேரும் சேர்ந்து ஒரு தூணுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அங்கிட்டு விட்டுப்போச்சு பாருங்க, இங்கிட்டு இன்னொரு பூச்சு வைங்க" என்று எங்களை வேலை வாங்கினாள். புதுக் கூடை கவிழ்த்தோம். அதன் மேல் சுற்றிக் கட்டச் சிவப்புத் துணி வேண்டும் என்றபோது, நான் பையிலிருந்து என் குழுச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். அதனால் இப்போதெல்லாம் குழு போட்டோவில் நான் மட்டும் வேறு நிறத்தில் நிற்கிறேன்.

துடைக்கிற வியாதி இன்னும் போகவில்லை. ஆனால் கை பரபரக்கும்போதெல்லாம், தாலியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்த அந்த முகம் முன்னால் வந்து நிற்கிறது. இதைப் பார்த்து யார் வீடு திரும்புகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் துணியை எடுக்கிறேன்.